காற்றுப் பாதையில் கைவைத்த பிறகு கார் முரண்டு பிடித்தால்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

என்ஜின் இழுக்கும் காற்றில் ஏதாவது செய்து இரண்டு குதிரைத்திறனாவது கூட்டிவிட வேண்டும் என்ற ஆசை கோவைப் பக்கத்துக் கார்க்காரர்களுக்குப் புதிதல்ல. கூம்பு வடிவ ஃபில்டர் போடுவார்கள். காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸில் துளையிடுவார்கள். எலக்ட்ரிக் டர்போ என்ற பெயரில் விற்கும் சிறு மின்விசிறியையோ காற்றைச் சுழலவிடும் தகட்டையோ குழாய்க்குள் செருகுவார்கள். சிலர் மெல்லிய டியூப் ஒன்றின் வழியாகத் தண்ணீரைக்கூடச் சொட்டவிடுவார்கள். சில வாரங்கள் கழித்து, பிக்கப் போய்விட்டது என்றோ டாஷ்போர்டில் மஞ்சள் நிறச் செக் என்ஜின் விளக்கு எரிகிறது என்றோ வண்டி திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த வண்டிகளை மீண்டும் மீண்டும் பார்த்ததில் அமைந்த வரிசை இது. டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத சிறிய பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். டர்போ டீசலுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

திருப்புளி, டார்ச் விளக்கு, வெள்ளைத் துணி, கைப்பேசியுடன் புளூடூத் வழியாக இணையும் ஓபிடி ஸ்கேனர் (என்ஜின் கணினியின் அளவுகளையும் பிழைக் குறியீடுகளையும் காட்டும் சிறு கருவி) ஆகியவை போதும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வண்டியோடு வந்த அசல் ஏர் பாக்ஸ். அதைக் கழற்றிய அன்றே காயலான் கடைக்கு அனுப்பியவர்களுக்கு மட்டும் கீழே உள்ள பாதி வேலைகள் கடினமாகிவிடும். அறிகுறி எதுவானாலும், அசல் ஏர் பாக்ஸை மாட்டி, சேர்த்தவற்றை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சிக்கல் மறைந்துவிட்டால் செலவில்லாமல் காரணம் கிடைத்துவிட்டது. மறையாவிட்டால் மேற்கொண்டு படியுங்கள்.

## காலையில் நன்றாக ஓடுகிறது, மதிய நெரிசலில் சோர்ந்துவிடுகிறது

கூம்பு ஃபில்டரை பானட்டுக்குள் திறந்தபடி வைத்திருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். அசல் ஏர் பாக்ஸ் மூக்கை வெளியே நீட்டி, ரேடியேட்டருக்கு முன்பக்கத்திலிருந்தோ ஃபெண்டர் ஓரத்திலிருந்தோ வெளிக்காற்றை எடுக்கிறது; திறந்த கூம்போ ரேடியேட்டரையும் எக்ஸாஸ்ட்டையும் தொட்டு வந்த காற்றை எடுக்கிறது. 35 டிகிரி காற்றுக்குப் பதிலாக 65 டிகிரி காற்றை இழுத்தால், அதே கன அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவான காற்றுதான் சிலிண்டருக்குள் போகிறது. போதாக்குறைக்கு, சூடான காற்றைக் கண்ட என்ஜின் கணினி தட்டல் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்து எரியும் சத்தம்) வராமலிருக்கத் தீப்பொறி விடும் நேரத்தையும் தாமதப்படுத்துகிறது.

செய்ய வேண்டிய சோதனை எளிது. ஸ்கேனரில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைத் திரையில் வைத்துக்கொண்டு, திறந்த சாலையில் 60 கி.மீ. வேகத்தில் 10 நிமிடமும், பிறகு நெரிசலில் 10 நிமிடமும் ஓட்டுங்கள்.

ஓட்டத்தில் வெளி வெப்பநிலையைவிடச் சில டிகிரி மட்டுமே கூடுதலாக இருந்து, நெரிசலில் மட்டும் ஏறினால், ஃபில்டரைச் சுற்றி மூடிய பெட்டி ஒன்று செய்து அதற்கு வெளிக்காற்றுக் குழாய் கொடுக்க வேண்டும். அசல் ஏர் பாக்ஸ் அதைத்தான் செய்துகொண்டிருந்தது என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுவது என் கடமை.

ஓடும்போதும் 25, 30 டிகிரி கூடுதலாகவே இருந்தால், காற்று எடுக்கும் இடமே தவறு, அல்லது வெளிக்காற்றுக் குழாய் கழன்று தொங்குகிறது. ஏர் பாக்ஸின் மூக்குக் குழாய் மாட்டப்படாமல் விடப்பட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ரேடியேட்டரை மாற்றும்போது கழற்றுவார்கள், மாட்ட மறந்துவிடுவார்கள்.

ஏசிக் காற்றைத் திருப்பி என்ஜினுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2018 ஆம் ஆண்டு டாட்ஜ் சேலஞ்சர் டீமன் காரில் ஏசியின் குளிர்பதன வாயுவைக் கொண்டு என்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்வித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது சூப்பர்சார்ஜரால் அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்று. அதனால் பயன் இருந்தது. சிறிய காரில் ஏசி கம்ப்ரஸர் என்ஜினிடமிருந்து எடுத்துக்கொள்ளும் திறன், குளிர்ந்த காற்று திருப்பித் தருவதைவிட அதிகம்.

## சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை

இது பழுதே அல்ல. ஆனால் அதிகமாக வரும் புகார் இதுதான். உள்ளிழுக்கும் ஓசையை அடக்கும் ரெசனேட்டர் பெட்டியை எடுத்துவிட்டால் என்ஜின் உறுமும், உறுமலைக் காது வேகமென்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டி சில வண்டிகளில் குறைந்த சுழற்சியில் இழுவைக்கும் உதவுவதால், நகரத்துக்குள் இரண்டாம் கியரில் வண்டி முன்பைவிட மந்தமாகவும் தோன்றலாம்.

காற்றுப் பாதையில் உண்மையிலேயே தடை இருக்கிறதா என்று பணம் செலவழிக்கும் முன்பே அளந்துவிட முடியும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்த சென்சார் இருக்கிறது. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் அந்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோவையில் ஏறத்தாழ 96 கிலோபாஸ்கல், சென்னையில் 100 அல்லது 101 காட்டும். பிறகு ஆளில்லாத சாலையில், பக்கத்தில் ஒருவரைத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து உயர் சுழற்சி வரை கொண்டுபோய், அப்போதைய அழுத்தத்தைக் குறியுங்கள்.

வேறுபாடு 2 அல்லது 3 கிலோபாஸ்கல் என்றால், மூக்குக் குழாய் முதல் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) வரை உள்ள எல்லாமே சேர்ந்து என்ஜினிடமிருந்து தடுத்து வைத்திருப்பது 2, 3 விழுக்காடு காற்றை மட்டுமே. எந்த ஃபில்டரை வாங்கினாலும் அதற்கு மேல் கிடைக்கப் போவதில்லை.

வேறுபாடு 8, 10 என்று போனால் அடைப்பு இருக்கிறது. முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு ஏர் பாக்ஸுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தென்னந்தோப்பு ஓரம் வண்டி நிறுத்துபவர்கள் இந்தச் சோதனையை முதலாவதாகவே செய்யலாம். ஒரு பாக்ஸிலிருந்து இரு கை நிறைய நாரும் பஞ்சும் எடுத்திருக்கிறேன். அதற்கும் பிறகு, ரப்பர் ஹோஸ் உறிஞ்சலில் உள்ளொடுங்குகிறதா, த்ராட்டில் முழுவதும் திறக்கிறதா என்பவை. ஃபில்டருக்கு முன்பும் பின்பும் எல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால், எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

முன் பம்பரில் காற்றுவாய் வைத்து, வேகத்தாலேயே காற்றைத் திணிக்கலாம் என்ற எண்ணத்துக்கும் கணக்கு இருக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று தரும் அழுத்தம், ஒரு துளியும் வீணாகாமல் வந்தாலும், அரை கிலோபாஸ்கலுக்கும் குறைவு. 80 குதிரைத்திறன் என்ஜினில் அது அரைக் குதிரைகூட இல்லை.

## மின்விசிறி பொருத்தினேன்: ஃபியூஸ் போகிறது, அல்லது ஒன்றுமே நடக்கவில்லை

1.2 லிட்டர் என்ஜின் 6000 சுழற்சியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 லிட்டர் காற்றை இழுக்கிறது. அந்த ஓட்டத்தின் அழுத்தத்தை டர்போபோல 0.3 பார் (30 கிலோபாஸ்கல்) கூட்ட 2 கிலோவாட்டுக்கு மேல் மின்திறன் வேண்டும். 12 வோல்ட்டில் அது 160 ஆம்பியரைத் தாண்டும். சிறிய காரின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகத் தருவதே 70 முதல் 90 ஆம்பியர்தான். கடையில் கிடைக்கும் விசிறி 4, 5 ஆம்பியரில் ஓடுகிறது. அது ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும் நிலையில்) காற்றைத் தள்ளுவதுபோல் கையில் தெரியும். முழு வேகத்தில் என்ஜின் இழுப்பது விசிறி தள்ளுவதைவிடப் பன்மடங்கு என்பதால், விசிறியே தடையாகிவிடும். மேலே சொன்ன அழுத்தச் சோதனையை விசிறியோடும் விசிறி இல்லாமலும் செய்தால் திரையிலேயே தெரிந்துவிடும்.

மின்சாரத்தால் ஓடும் கம்ப்ரஸர் பொய்யென்று சொல்லவில்லை. 2016 இல் வந்த ஆடி எஸ்கியூ7 டீசலில் அப்படியொன்று இருக்கிறது. ஆனால் அதற்கென்றே தனியாக 48 வோல்ட் மின்னமைப்பு வைத்து 7 கிலோவாட் வரை கொடுக்கிறார்கள்.

விசிறியின் ஒயரை வேறு எதனுடைய இணைப்பிலிருந்தோ இழுத்திருந்தால் ஃபியூஸ் போவதில் வியப்பில்லை. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம், ஒயர் உருகும். விசிறியை எடுத்துவிட்டு அதன் பிளாஸ்டிக் இறகுகள் முழுமையாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அது த்ராட்டிலை நோக்கிப் போயிருக்கிறது என்று பொருள். என்ஜினை ஓட்டாமல் த்ராட்டில் பாடியைக் கழற்றித் தேட வேண்டும்.

சுழல்தகட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அது காற்றுப் பாதைக்குள் வைத்த தடை. எடுத்துவிடுங்கள்.

## செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஐட்லிங் ஏறி இறங்குகிறது

காற்றுப் பாதையில் கைவைத்த அன்றே தொடங்கியதானால், பத்தில் ஏழெட்டு முறை கழன்ற ஹோஸ்தான் காரணம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் காற்றை இன்டேக்குக்குக் கொண்டுவரும் ஹோஸ், பெட்ரோல் ஆவிக் குப்பிக்குப் போகும் ஹோஸ் ஆகிய மூன்றையும் கையால் தொட்டு இழுத்துப் பாருங்கள். புதிய குழாயில் பழைய ஹோஸுக்கான முனை இல்லாததால் அதைச் சும்மா விட்டிருப்பார்கள், அல்லது திருகாணி வைத்து அடைத்திருப்பார்கள். கிராங்க்கேஸ் ஹோஸை அடைத்தால் உள்ளழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியும்.

அடுத்து, உங்கள் வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

ஏர் பாக்ஸுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒயர் இணைப்புள்ள சூட்டுக்கம்பி சென்சார் இருந்தால், அது காற்றின் அளவையே அளக்கிறது. அதற்குப் பின்னால் எங்கு ஓட்டை இருந்தாலும் கணக்கில் வராத காற்று நுழைந்து, பெட்ரோல் போதாமல் பி0171 என்ற குறியீடு வரும். கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று காட்டும் ஃபியூயல் டிரிம் எண்ணை ஸ்கேனரில் பாருங்கள். ஐட்லிங்கில் 20 விழுக்காட்டுக்கு மேல் கூட்டலாக இருந்து, 2500 சுழற்சியில் இயல்புக்குத் திரும்பினால் ஓட்டை. மாறாக, சுழற்சி ஏற ஏற எண்ணும் ஏறினால், எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டரிலிருந்து எண்ணெய் பறந்து சூட்டுக்கம்பியில் படிந்திருக்கலாம், அல்லது பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம். கம்பியைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்துங்கள். கார்ப்பரேட்டர் ஸ்பிரே, பல்துலக்கி, கம்ப்ரஸர் காற்று மூன்றும் கூடாது. நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். அடுத்த முறை ஃபில்டரில் எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள். பலகாரம் பொரிப்பதுபோல் முக்கி எடுப்பதால் வரும் வினை இது.

சூட்டுக்கம்பி இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்த சென்சார் மட்டும் இருந்தால், த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள ஓட்டை ஐட்லிங்கை உயர்த்தும், ஆனால் குறியீடு வராமலே போகலாம். த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள ஓட்டையோ எந்த அறிகுறியும் காட்டாது. விளக்கு எரியாமலே தூசி மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

கசிவைத் தேடுவதற்கு என்ஜின்மேல் பெட்ரோலையோ கேஸையோ அடித்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எக்ஸாஸ்ட் அருகில் தீப்பற்றும். கையால் பார்த்துக் கிடைக்காவிட்டால், புகை செலுத்திக் கசிவு கண்டுபிடிக்கும் கருவி உள்ள பணிமனைக்குப் போவது மலிவு.

## மேட்டில் தட்டல் சத்தம் கேட்கிறது, அல்லது பெட்ரோல் வாசனையும் மைலேஜ் குறைவும்

இணையத்தில் பவர் சிப் என்ற பெயரில் விற்கும் சிறு பொருள்களில் பல, காற்று வெப்பநிலை சென்சாரின் இடத்தில் மாட்டும் ரெசிஸ்டர்கள்தான். கடுங்குளிரென்று கணினியை நம்பவைத்துப் பெட்ரோலைக் கூட்டவும் தீப்பொறியை முன்தள்ளவும் செய்கின்றன. காலையில் என்ஜின் முழுவதும் ஆறிய நிலையில் ஸ்கேனரில் காற்று வெப்பநிலையையும் கூலன்ட் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் சில டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். நண்பகலில் 5 டிகிரி என்று ஆடாமல் அசையாமல் நின்றால் ரெசிஸ்டரைக் கழற்றுங்கள். மைனஸ் 40 டிகிரியில் உறைந்த எண்ணும் பி0113 குறியீடும் வந்தால், சென்சாரைத் திரும்ப மாட்டவே மறந்திருக்கிறார்கள்.

தண்ணீர் சொட்டவிடும் அமைப்பு இருந்தால் அதையும் பாருங்கள். தண்ணீர்த் தெளிப்பு உண்மையான உத்திதான். 2015 இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் அதைப் பயன்படுத்தியது, 1962 இன் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைப் பயன்படுத்தியது. இரண்டும் டர்போ என்ஜின்கள். தட்டலைத் தடுத்து அழுத்தத்தைக் கூட்டுவதற்கு அது தேவைப்பட்டது. மேனிஃபோல்டு உறிஞ்சலால் இழுக்கப்படும் டியூப்போ தலைகீழாக வேலை செய்யும்: உறிஞ்சல் அதிகமுள்ள ஐட்லிங்கில், தேவையே இல்லாதபோது நிறையச் சொட்டும்; ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது உறிஞ்சல் போய் நின்றுவிடும். எடுத்துவிட்டு, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால்போன்ற நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஆயிலை மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் எடுத்த பிறகும் தட்டல் நீடித்தால், வண்டியை மென்மையாக ஓட்டி நேராகப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள். தட்டலோடு நெடுஞ்சாலையில் விரட்டினால் பிஸ்டன் உடையும்.

## ஊட்டி ஏறும்போது மட்டும் இழுக்கவில்லை

ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவுதான். கோவையோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு காற்று அங்கே இல்லை. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் சரியாகிவிட்டால் எதையும் மாற்ற வேண்டாம்.

## ஆயில் குறைகிறது, நீலப்புகை வருகிறது

ஃபில்டரே இல்லாமல் ஓட்டியவர்களுக்கும், பொருந்தாத மலிவு ஃபில்டர் போட்டவர்களுக்கும் மாதங்கள் கழித்து வரும் அறிகுறி இது. ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் இயல்பு. நறநறவென்று மண் கையில் பட்டால் ஃபில்டரின் ஓரத்து ரப்பர் உட்காரவில்லை. இப்போதே கண்டுபிடித்தால் புதிய ஃபில்டரோடு போகும். புகை தொடங்கிவிட்டிருந்தால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்ற சோதனை) செய்யச் சொல்லுங்கள்; சிலிண்டர் தேய்ந்திருந்தால் என்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

## டர்போ டீசல்: விசில் சத்தம், கரும்புகை, திடீரென்று இழுவை நின்றுபோவது

முதலில் டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ஹோஸ்களின் கிளிப்புகள். ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தால் ஓட்டை அங்கேதான். பி0299 குறியீடு அழுத்தம் குறைவென்று சொல்வதால் பலர் டர்போவையே மாற்றிவிடுகிறார்கள். கிழிந்த ஹோஸுக்காக டர்போ வாங்கிய ஒருவரின் பழைய டர்போ நன்றாகவே இருந்தது. ஹோஸ்கள் சரியென்றால், டர்போவைக் கட்டுப்படுத்தும் வெற்றிட டியூப்புகள், பிறகு அந்த டியூப்புகள் இயக்கும் ஆக்சுவேட்டர், கடைசியில் டர்போ.

டர்போவின் வாயை ஃபில்டர் இல்லாமல் திறந்து வைத்து என்ஜினை ஒருபோதும் ஓட்டக் கூடாது. இன்டர்கூலரில் ஆயில் தேங்கியிருந்தால் உடனே நிபுணரை அழையுங்கள். தேங்கிய ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு டீசல் என்ஜின் தானாக வேகமெடுத்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம். அப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு அணைக்க வேண்டும்.

## மழைநீரில் போனபோது என்ஜின் நின்றுவிட்டது

குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரைப் பம்பருக்குள் கீழே இறக்கி வைப்பதன் விலை இது. அசல் மூக்குக் குழாய் ஹெட்லைட் உயரத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரை அசல் வண்டி கடந்துவிடக்கூடும். இறக்கிய ஃபில்டர் நீரை நேராக உறிஞ்சும். தண்ணீரை அழுத்த முடியாததால் பிஸ்டன் பாதியில் நின்று, கனெக்டிங் ராடு வளையும்.

நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வண்டியை உயரமான இடத்துக்குத் தள்ளி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

ஃபில்டரும் அதற்குப் பின்னால் உள்ள குழாயும் காய்ந்திருந்தால், நின்றது மின்கோளாறாகவே இருக்கக்கூடும். இணைப்புகளை உலர்த்திய பிறகு முயலலாம்.

குழாய்க்குள் ஈரம் இருந்தால் உங்கள் வேலை அதோடு முடிந்தது. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி, கிராங்க் புல்லியைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டீசலென்றால் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்ற வேண்டும். கையால் முழுச் சுற்று சுற்றி, ஆயிலை மாற்றி, பிறகு கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவாக வந்தால் ராடு வளைந்திருக்கிறது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, சாதாரண விரிவான பாலிசி தண்ணீரில் மீண்டும் ஸ்டார்ட் செய்ததால் வரும் என்ஜின் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு தனியாக வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பிரிவு இருந்தாலும், தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைச் சர்வேயர் கண்டால் தகராறு வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும், 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பதும் அவருக்கும் தெரியும். இழுவை வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்கும்போது, ஏற்றும் வசதிக்காக ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.